மூன்று செம்பு மஞ்சள் நீர்

முந்தாநாள் என் மருமகள் அடுக்களை மேல்பலகையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை இறக்கினாள். பேத்திக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள். வேப்பிலையும் மஞ்சளும் கலக்க அகலமான செம்பு வேண்டுமென்று தேடியவள் கண்ணில் அது பட்டுவிட்டது. இத்தனை வருஷமும் அதைப் புழங்கவிடாமல் நான் சொல்லிவந்த காரணம் ஓட்டை என்பது. அவள் தண்ணீர் பிடித்துப் பார்த்து, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே மாமா என்றாள். செம்பில் ஓட்டை கிடையாது. விளிம்பில் ஓரிடத்தில் உள்நோக்கி ஒரு நெளிவு உண்டு, அவ்வளவுதான். அந்த நெளிவு ஒரு பன்றியின் மூக்கு இடித்து விழுந்தது.

பன்றி என்றால் எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வயதாகி மனம் கனிந்துபோய் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஈர மூக்கு, முள்ளாக நிற்கும் மயிர், வாயோரம் எந்நேரமும் வழியும் கோழை, ஊர் ஒதுங்கும் இடத்தில் அது என்ன தின்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாத அந்த விஷயம் எல்லாமே எனக்குக் குமட்டும். அப்படிப்பட்ட என் கண் முன்னால், எங்கள் சைவ வீட்டு மாட்டுத்தொழுவில், என் மதினி ஒன்றரை வருஷத்துக்கு மேல் பன்றி வளர்த்தாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சீமையில் இரண்டாவது பெரிய சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஏரலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆற்றங்கரை ஓரமாக எங்கள் ஊர். அப்பா காலமாகிவிட்டார். வயலையும் வாழைத்தோப்பையும் அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டில் அம்மா சொன்னதுதான் சட்டம். மதினி வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதை அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். மதினி வைத்த குழம்பில் உப்பு இல்லை என்பாள், கோலம் கோணல் என்பாள், கேட்கிறவர்களுக்குப் புரியும்.

அந்தக் கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. படித்துறை முங்கிவிட்டதால் பெண்கள் வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தார்கள். ஒருநாள் காலையில் மதினி நனைந்த சேலையோடு மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தாள். மடி அசைந்தது. வாய்க்கால் மடையில் நாணலோடு சிக்கிக் கிடந்த பன்றிக்குட்டி அது. கருப்பாக, ஒரு முழ நீளம்கூட இல்லாமல், மூக்கிலிருந்து தண்ணீரும் சளியுமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மதினி மடியில் அந்தச் சளி வழவழவென்று படிந்திருந்ததைப் பார்த்த எனக்குக் காலையில் குடித்த நீராகாரம் தொண்டைக்கு வந்துவிட்டது.

அம்மா பெரிதாகச் சத்தம் போடவில்லை. "ஏட்டி, எடுத்த இடத்துலயே கொண்டு போட்டுட்டுக் குளிச்சிட்டு வா. இது சைவ வீடு" என்று மட்டும் சொன்னாள்.

"போட முடியாது அத்தை. தூக்கும்போதே சுடலைமாடனுக்கு நேர்ந்துட்டேன்" என்றாள் மதினி.

அம்மாவின் முகம் மாறியது. நேர்ந்துவிட்ட உருப்படியை வீட்டை விட்டு விரட்டினால் மாடன் சும்மா இருக்க மாட்டான். அதைவிட, பிள்ளையில்லாத ஒருத்தி எதற்காக நேர்ந்திருப்பாள் என்று அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மதினி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வரப்போகிற சித்திரைக் கொடைத் திருவிழாவுக்குக் குட்டி வளர்ந்திருக்காது, அதற்கு அடுத்த சித்திரையில் கொடுத்துவிடலாம், அதுவரை தொழுவில் கிடக்கட்டும் என்று அம்மாவே தீர்ப்பும் சொன்னாள்.

எங்கள் சைவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலோரத்தில் எங்கள் நிலத்துக்குக் காவலாக ஒரு மாடன் பீடம் உண்டு. வருஷத்துக்கு ஒரு கொடை. செலவு எங்களுடையது, கை மற்றவர்களுடையது. மதியக் கொடையில் பீடத்துக்கு எதிரே நின்று கும்பிடுவோம். இரவு சாமக் கொடையில் பலி விழுகிறபோது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்வோம். கதவு சாத்தியிருக்கிறது என்பதனால் நாங்கள் சைவம். தெருவில் கருவாட்டுக்கூடை போனாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அம்மா, மாடனுக்கு ரத்தம் குறைந்தால் விளைச்சல் குறையும் என்று திடமாக நம்பினாள். அப்போது எனக்கு இதில் எந்தக் கோணலும் தெரியவில்லை.

குட்டி பிழைத்துவிட்டது. கழுநீரும் வாழைத்தோலும் தின்று மளமளவென்று வளர்ந்தது. மதினி அதை வெளியே மேயவிடவே இல்லை. அது வேறெதையும் தின்னவில்லை என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் என் மனது கேட்கவில்லை. தொழுவைக் கடந்துதான் நான் கிணற்றடிக்குப் போக வேண்டும். வேட்டி நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடுவேன். அப்படியும் அந்த வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு ஏரல் வரைக்கும் கூடவே வருகிறது என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாராவது மூக்கைச் சொறிந்தால்கூட என்னைத்தான் நினைத்தார்கள் என்று எண்ணி அவமானப்படுவேன். அது முற்றத்தில் கால் வைத்த ஒவ்வொரு தடவையும் அம்மா சாணித் தண்ணீர் தெளித்தாள். மதினி அதற்குப் பெயர் வைக்கவில்லை. "ஏலே" என்பாள், அவ்வளவுதான். தெருவில் யார் யாரை ஏலே என்று கூப்பிட்டாலும் தொழுவில் ஒரு தலை நிமிரும்.

முதல் சித்திரைக் கொடை வந்தது. அந்த வருஷம் வேறொரு வீட்டார் நேர்ந்த கிடாயைக் கொண்டுவந்திருந்தார்கள். வெட்டுவது இரவில்தான் என்றாலும் உத்தரவு கேட்பது மதியக் கொடையில். உருப்படியைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி அதன் மேல் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம், மாடன் ஏற்றுக்கொண்டான். மூன்று செம்பு ஊற்றியும் சிலுப்பாவிட்டால் மாடனுக்கு அது வேண்டாம். அப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஈரம் பட்டால் எந்த உடம்புதான் சிலுப்பாது? அன்றைக்கும் முதல் செம்பிலேயே கிடாய் கொம்பு முதல் வால் வரை சிலுப்பியது, பெண்கள் குலவை இட்டார்கள். அம்மா மதினியின் தோளைத் தொட்டு, அடுத்த வருஷம் நம்முடையது என்றாள். மதினி குலவையிடவில்லை. அந்தக் கிடாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் பன்றியைக் குளிப்பாட்டத் தொடங்கினாள். சும்மா தண்ணீரில் அல்ல, மஞ்சள் அரைத்துக் கரைத்த நீரில். அதுவும் எந்தச் செம்பில்? அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளைச் செம்பில். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் குடிக்கத் தண்ணீர் எடுத்து நீட்டும் செம்பு அது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மஞ்சள் எதற்கு என்று கேட்டேன். மேலெல்லாம் சிரங்கு என்றாள். காலையில் மூன்று செம்பு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. முதல் சில நாட்கள் அது சிலுப்பி, உதறி, திமிறியது. அப்படித் திமிறியபோதுதான் செம்பு அதன் மூக்கில் இடித்து நெளிந்தது. மதினி செம்பைப் பார்க்கவில்லை. மூக்கைத் தடவிக்கொடுத்து "பைய, பைய" என்றாள். அந்த மூக்கைத் தடவிய கையால்தான் மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். நான் ஒரு மாதம் ஏரலில் காப்பிக்கடை இட்லியில் காலம் தள்ளினேன்.

ஆவணிக்குள் பன்றி பழகிவிட்டது. மஞ்சள் வாடை வந்ததுமே தானாக எழுந்து வந்து நிற்கும். தண்ணீர் விழ விழக் கண்ணை மூடிக்கொள்ளும். மூன்றாவது செம்புக்கு மோவாயைத் தூக்கிக் கொடுக்கும், பிறகு அப்படியே சாய்ந்து படுத்து வயிற்றைக் காட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பெரிய மனிதர்கள் முகத்தில் வரும் அந்தச் சொக்கலை ஒரு பன்றியின் முகத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட அருவருப்பை என்னவென்று சொல்வது!

அந்தத் தை மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீடு பார்க்க வந்தது. பெண் படித்தவள் என்று கேள்விப்பட்டு நான் ஏகப்பட்ட கனவோடு இருந்தேன். பெண்ணின் தகப்பனார் சந்தனப் பொட்டும் சரிகைத் துண்டுமாக முற்றத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு வாக்கில் அண்ணன் வேலைக்காரனை ஏலே என்று கூப்பிட்டார். தொழுவுக் கயிறு எப்போது அவிழ்ந்ததோ தெரியாது. மஞ்சள் பூசிய பன்றி குடுகுடுவென்று முற்றத்துக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பெரியவர் முழங்காலில் தன் விலாவைச் சுகமாகத் தேய்த்தது. அவர் வெள்ளை வேட்டியில் மஞ்சளும் மயிருமாக ஒரு பட்டை. அவர்கள் தாம்பூலத்தைக்கூடத் தொடாமல் வண்டி ஏறினார்கள். அன்றைக்கு அந்த மிருகம் சாக வேண்டுமென்று நான் மனமாரக் கும்பிட்டேன். சித்திரைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணியவன் நான்.

சித்திரையும் வந்தது. பன்றிக்கு அரளி மாலை போட்டு வயலோரப் பீடத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மதினி முன்னால் நடந்தாள், அது அவள் கொசுவத்தை மோந்துகொண்டே பின்னால் போனது. உச்சி வெயில். வில்லுப்பாட்டு ஓங்கி நின்றது. மாடன் இறங்கிய சாமியாடி ஆடிக் களைத்து, செம்பு நிறைய மஞ்சள் நீரை எடுத்துப் பன்றியின் தலையிலிருந்து முதுகு வரை ஊற்றினார். எல்லோரும் குலவைக்கு வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

பன்றி கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாவது செம்பு. அதன் காதுகள் மெல்லத் தளர்ந்தன. வில்லடிப்பவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாமியாடி என் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது செம்பை அவர் விளிம்பு வழிய மொண்டெடுத்து ஊற்றினார். நான் பீடத்துக்கு மிக அருகில் நின்றேன். அது மோவாயைத் தூக்கிக் கொடுத்தது. தண்ணீர் தாடை வழியாக வடிந்து தீர்ந்ததும், மாடன் பீடத்துக்கு எதிரே, அத்தனை ஜனத்துக்கும் நடுவில், சாய்ந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. மஞ்சள் எதற்கு, மூன்று எதற்கு, ஒருநாள் விடாமல் எதற்கு என்பதெல்லாம் ஒரே வீச்சில் விளங்கிவிட்டது. நிமிர்ந்து மதினியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு வேண்டாம்லே" என்றார் சாமியாடி, மாடனின் குரலில். "இத ஒருத்தரும் தொடப்படாது. கொண்டு போங்கலே."

அம்மா எல்லோருக்கும் முன்னால் வீடு திரும்பினாள். வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அண்ணனைக் கூப்பிட்டாள். மாடனே இவள் நேர்ச்சையை வேண்டாமென்று தள்ளிவிட்டான், இனி இவள் வயிற்றில் ஒன்றும் தங்காது, ஆவணிக்குள் உனக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

சாயங்காலம் கிணற்றடிக்குப் போனேன். தொழுவில் மதினி பன்றியின் கழுத்திலிருந்த அரளி மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கப் பார்த்தேன்.

"தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. இது தண்ணிக்குப் பழகின உடம்பு, அதான் சிலுப்பலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அத்தை அடுத்த கொடை வரைக்கும் பொறுப்பாங்க. எனக்கு இந்த வீட்டுல ஒரு வருசம் கிடைக்கும்" என்றாள்.

சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொன்னா இது மேல தண்ணி ஊத்த விடாமக் கட்டிப் போட்டு, அடுத்த சித்திரையில அறுத்துருவாங்க." மாலையைக் கீழே வைத்தாள். "நேர்ந்துட்டேன்னு நான் சொன்னது பொய்யி தம்பி. எறிஞ்சிரக் கூடாதேன்னு வாயில வந்தது. என் வாயில வந்த பொய்யி இது கழுத்துலயா விழணும்? நீங்க பாத்தது உங்களோட இருக்கட்டும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை அவள் என் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டாள். கடைசிவரை அப்படியே நம்பினாள். உண்மை வேறு. ஒரு பன்றிக்காக வாய் திறந்து அம்மாவோடு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பேச்சே அசிங்கம் என்று நினைத்தேன். பன்றியும் வேண்டாம், மதினியும் வேண்டாம், எல்லாம் தொலைந்து வீடு சுத்தமானால் போதும் என்று இருந்தது. பாளையங்கோட்டைச் சம்பந்தம் போன எரிச்சலும் அடங்கவில்லை. சொல்வது, சொல்லாமலிருப்பது, இந்த இரண்டில் ஒன்றைக்கூட நான் அவளுக்காகச் செய்யவில்லை. சும்மா இருந்தேன், அது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

சும்மா இருந்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. ஆடி கழிந்ததும் அண்ணனுக்குப் பெண் நிச்சயம் பண்ணப் போனோம். மாப்பிள்ளையின் தம்பி தட்டுத் தூக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். வெற்றிலை, பழம், பூ, கொம்பு மஞ்சள் வைத்த வெள்ளித் தட்டை நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அந்த வீட்டில் வைத்தேன். புறப்படுகிற அவசரத்தில் அந்தத் தட்டை அடுக்கிக் கொடுத்தது மதினி. மஞ்சள் உருண்டு விழாமல் இருக்க வெற்றிலையை மடித்து அண்டை கொடுத்தாள். அந்தப் பெண் வீட்டில் கேசரி கொடுத்தார்கள். நன்றாக இருந்தது, இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன்.

புதுப்பெண் வந்த வாரத்தில் மதினி பன்றியை ஓட்டிக்கொண்டு எங்கள் வாழைத்தோப்புக் குடிசைக்குப் போய்விட்டாள். புறப்படும்போது அம்மா அந்தச் செம்பைக் காலால் நகர்த்தி, இதையும் எடுத்துக்கொண்டு போ என்றாள். பிறந்த வீட்டுக்கு அவள் போகவில்லை. பன்றியோடு அங்கே யார் சேர்ப்பார்கள்? மாடன் தள்ளிய பன்றியை ஊரில் ஒருவனும் தொடத் துணியவில்லை. அது பதினோரு வருஷம் இருந்து கிழடாகிச் செத்தது. அதற்குள் வேறு பன்றிகள் வந்து சேர்ந்துவிட்டன. வண்டிச் சக்கரத்தில் கால் போனது, பிறவிக் குருடு, நாய் குதறியது என்று ஒவ்வொன்றாக யாராவது வேலியோரம் விட்டுவிட்டுப் போவார்கள். ஏழெட்டு எப்போதும் இருக்கும்.

தோப்பிலிருந்து வாழைத்தார் எடுக்கப் போகிற சாக்கில் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். வேலிக்கு வெளியே, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிற்பேன். சேறும் சாணியும் உறுமலுமாக அந்த இடம் எனக்கு நரகம். மதினி ஒருபோதும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை, குடிக்கச் செம்பில் தண்ணீர் நீட்டியதும் இல்லை. கையை மணல் போட்டுக் கழுவிவிட்டு, எனக்கென்று ஒரு இளநீரைச் சீவி, என் விரல் அவள் விரலில் படாதபடி அடியைப் பிடித்து நீட்டுவாள். என் அருவருப்பை என்னைவிட அவள் மரியாதையாக நடத்தினாள். ஊரில் யாரோ அவளைப் பன்னிக்காரி என்று சொன்னதை நான் ஒருநாள் கேட்டுக்கொண்டே நின்றேன். எனக்கு அவள் என்ன உறவு என்று நானாகச் சொல்லவில்லை.

அவள் காய்ச்சலில் போனபோது தோப்பிலிருந்து இந்தச் செம்பு ஒன்றுதான் வீட்டுக்கு வந்தது. அம்மாவும் அப்போது இல்லை. அண்ணனின் இளைய மனைவி தொட மாட்டேன் என்றாள். நானும் தொட விரும்பவில்லை. ஆனாலும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புளி போட்டு எத்தனை தடவை தேய்க்கச் சொன்னேன் என்று கணக்கே இல்லை. பளபளவென்றுதான் இருக்கிறது. எனக்கு மட்டும் அதில் தொழுவின் வாடை அடிக்கும்.

முந்தாநாள் மருமகள் அதில்தான் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்துப் பேத்தியின் தலையில் ஊற்றினாள். முதல் செம்பு விழுந்ததுமே குழந்தை உச்சி முதல் கால் வரை சிலுப்பியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் பின்னாலேயே வந்து, என்ன மாமா என்று கேட்டாள். இத்தனை வருஷப் பொய் போதும் என்று தோன்றிவிட்டது. அந்தச் செம்பில் ஓட்டை எதுவும் இல்லை, என் மதினி அதில் ஒரு பன்றியைக் குளிப்பாட்டினாள் என்று சொன்னேன்.

"பன்னியையா?" என்று முகத்தைச் சுளித்தாள். செம்பைக் கொல்லையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, பயத்தமாவு போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். பார்த்துக்கொண்டே நின்றேன். தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனதையும் அந்தக் கேசரியையும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதை எதைக் கழுவச் சொல்லியிருப்பாளோ தெரியாது.